கரட்டு ஓணானும் ஒரு கலர் ரோலும்

கல்லூரியில் மூன்று வருடம் விலங்கியல் படித்தவள் நான். ஓணானை மெழுகுத் தட்டில் மல்லாக்கப் படுக்க வைத்து, நாலு காலிலும் ஊசி குத்தி அறுத்திருக்கிறேன். அதன் இதயத்துக்கு மூன்று அறை என்பதும், கீழறை பாதிதான் பிரிந்திருக்கும் என்பதும் தெரியும். படம் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஓர் ஓணான் காலையில் எழுந்து முதலில் என்ன செய்யும் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். அதைத் தெரிந்துகொண்டது கல்யாணத்துக்கு அப்புறம், உத்தமபாளையத்தில், வடகம் காயப்போட்ட இடத்தில்.

என் கணவர் அந்த ஊர்க் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் வீடு ஊர்க் கடைசியில் இருந்தது. கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் நாலெட்டில் கரடு தொடங்கிவிடும். கரடு என்றால் மலை என்று சொல்ல முடியாத மலை. யானை படுத்த மாதிரி பாறைகள், நடுநடுவே விரிசல்கள், விரிசலில் முளைத்த கோரைப்புல், அவ்வளவுதான். அதற்கு மேலே தூரத்தில் மேற்கு மலை நீலமாகத் தெரியும்.

அவர் பள்ளி இறுதியோடு படிப்பை நிறுத்தியவர். நான் பட்டம் வாங்கியவள் என்பது அவரை என்னவோ செய்தது. ஸ்டுடியோவில் "தலையை லேசாச் சாய்ங்க, தோளை எறக்குங்க, இங்கன பாருங்க" என்று வாய் ஓயாமல் பேசுகிற மனுசன், வீட்டுக்கு வந்தால் "சாப்பாடு", "தண்ணி", "கதவைச் சாத்திக்கோ" என்று மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்வார். கோபம் எதுவும் இல்லை. வெட்கம். எதைச் சொன்னாலும் நான் திருத்திவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நானும் புதுப்பெண். எனக்கும் வாய் வரவில்லை. இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

பங்குனி வெயில் ஏறியதும் வடகம் போட்டேன். கொல்லைக்குப் பின்னால் இருந்த முதல் பாறை பந்தி இலை போட்ட மாதிரி சமமாக இருக்கும். வெள்ளை வேட்டியை விரித்து, மாவைக் கிள்ளி வைத்துவிட்டு, காக்காய் விரட்ட ஒரு குச்சியோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் அது வந்தது.

எதிர்ப் பாறையின் விரிசலிலிருந்து முதலில் தலை மட்டும் வெளியே வந்தது. வெயில் அந்த இடத்தைத் தொட்டு கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பிறகு உடம்பு வந்தது. கரி பூசியது போல மங்கலான பழுப்பு. ஓடவில்லை, தள்ளாடி நடந்தது. வெயில் விழுகிற சரிவுக்கு வந்து, வயிற்றைப் பாறையோடு ஒட்டி, விலாவை அகல விரித்துத் தட்டையாகப் படுத்துக்கொண்டது. சூரியனுக்கு முகத்தைக் காட்டவில்லை. பக்கவாட்டில் முழு உடம்பையும் காட்டியது. அப்பளத்தை வெயிலில் எந்தப் பக்கம் வைத்தால் சீக்கிரம் காயும் என்று பார்த்து வைப்போமே, அந்தக் கணக்கு.

நான் வடகத்தை மறந்துவிட்டேன். காக்காய்க்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

கொஞ்ச நேரம் போனதும் அதன் நிறம் வெளுத்தது. முன்னங்காலை ஊன்றி மார்பைத் தூக்கியது. கண் பளிச்சென்று ஆனது. சட்டென்று பாய்ந்து ஓர் எறும்பைப் பிடித்துத் தின்றது. சற்று முன்னால் தள்ளாடி வந்ததும் இதுவும் ஒரே பிராணி என்று நம்ப முடியவில்லை. புத்தகத்தில் 'குளிர் ரத்தப் பிராணி' என்று படித்தது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. நாம் தின்கிற சோறு நமக்கு உள்ளேயே அடுப்பு மூட்டிவிடுகிறது. அதற்கு உள்ளே அடுப்பு கிடையாது. இருக்கிற ஒரே அடுப்பு வானத்தில் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த உடம்பை அந்த அடுப்பில் காய்ச்சினால்தான் கால் ஓடும், கண் பார்க்கும், தின்றது செரிக்கும். கருத்த உடம்பு சூட்டைச் சீக்கிரம் குடிக்கும் என்பதால் கருப்பாக வருகிறது. போதும் என்றதும் வெளுத்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் காயும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு, விரிசல் நிழலுக்குப் போய்விடுகிறது. சாயங்காலம் வெயில் இறங்கியதும் மறுபடி ஒரு முறை வந்து காய்ந்துவிட்டுப் படுக்கப் போகிறது. சோம்பேறி என்று நாம் நினைப்பது நாள் முழுக்க அது பார்க்கிற வேலை.

அடுத்த நாள் கிட்டே போய்ப் பார்க்க ஆசைப்பட்டேன். நேராக நடந்தேன், ஓடிவிட்டது. மறுநாள் மெதுவாகப் போனேன். என் நிழல் அதன் மேல் விழுந்தது, ஓடிவிட்டது. இன்னொரு நாள் மாம்பழ நிறச் சேலை கட்டியிருந்தேன், அன்றைக்குத் தலையே வெளியே வரவில்லை. இப்படிப் பட்டுப் பட்டுத்தான் பழகினேன். அது வருவதற்கு முன்னாலேயே நாம் போய் உட்கார்ந்துவிட வேண்டும். வெளியே வந்து பார்க்கும்போது நாமும் பாறையில் ஒரு பாறையாக இருக்க வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது. நெல் உலர்த்துகிறவள் போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணில் பார்க்க வேண்டும். நகர வேண்டுமென்றால் அது நகர்கிற நேரத்தில் நாமும் நகர்ந்துகொள்ளலாம். தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால், அப்படியே நின்றுவிட வேண்டும், கால் ஒன்று அந்தரத்தில் இருந்தாலும் சரி.

பக்கத்து வீட்டு ராவுத்தர் வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு நாள் திடுக்கிட்டார்கள்.

"தங்கச்சி, அது பக்கம் உக்காராத. தூரத்துல இருந்தே தொப்புள் வழியா ரத்தத்தை உறிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தன் தொப்புளை மூடிக்கொண்டார்கள்.

"அதுக்கு எறும்பே போதும்க்கா. நான் ஒரு மாசமா உக்காந்திருக்கேன், எளைச்சிருக்கேனா பாருங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "எளைக்கல. கருத்துத்தான் போயிட்டே" என்றார்கள்.

என் கணவர் கண்ணில் இது பட்டது சித்திரையில். காலையில் காப்பிக்குக் குரல் கொடுத்துப் பார்த்திருக்கிறார், பதில் இல்லை. கொல்லைக் கதவைத் திறந்து வந்தவர், நான் கல்லாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான் கையை மட்டும் மெல்லத் தாழ்த்தி, உட்காருங்கள் என்று காட்டினேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

வெகுநேரம் பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார். "இம்புட்டு நேரம் அசையாம உக்கார்ற ஆளு நம்ம ஸ்டுடியோவுக்கு ஒருத்தரும் வந்ததில்ல."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓணான் ஓடிவிட்டது. ஆனால் எங்கள் பேச்சு நிற்கவில்லை. அது ஏன் கருப்பாக வருகிறது, ஏன் பக்கவாட்டில் படுக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். மேகம் போட்டால் என்ன செய்யும்? மார்கழியில்? ராத்திரி சுவரில் ஓடுகிற பல்லிக்கு வெயில் வேண்டாமா? எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "தெரியலையே, பாத்துத்தான் சொல்லணும்" என்றேன். நான் தெரியவில்லை என்று சொன்னதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சரி, பாப்போம்" என்றார். அன்றைக்குக் கடை திறக்க நேரமாகிவிட்டது.

வைகாசி பிறந்ததும் அதன் வேஷம் மாறியது. காலையில் அதே கரிப்பழுப்புதான். ஆனால் சூடு ஏறியதும் முதுகு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், விலாப்பக்கம் மையாகக் கருக்கும். பாறையின் உச்சிக்குப் போய் நின்று முன்னங்காலை மடக்கி நீட்டித் தண்டால் எடுக்கும். அந்தப் பக்கம் பாறையில் புள்ளி போட்ட பழுப்பு நிறத்தில் பெண் ஓணான் ஒன்று குடியிருந்தது. இந்த ஆட்டமெல்லாம் அதற்காகத்தான்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கேமராவைக் கொண்டுவந்தார். எடுத்தார், கழுவினார், பிரிண்ட் போட்டார். ராத்திரி படத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. கருப்பு வெள்ளைப் படத்தில் அந்தச் சிவப்பு சாம்பலாக விழுந்திருந்தது.

"கல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியல. இதைக் காட்டினா யாரு நம்புவா?" என்றார்.

கலர் ரோல் அப்போது எங்கள் பக்கம் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் கழுவ மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். யாராவது பெரிய இடத்தில் கல்யாணம் என்றால்தான் அந்தப் பேச்சே எழும். எங்கள் அதிர்ஷ்டம், ஆனியில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி தன் ஒரே மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை கம்பத்துக்காரர். கலரில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ரோலையும் அவர்களே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து, பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பிய பிறகும் கடைசி ரோலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். சமையல்காரருக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த வியாபாரி, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்றாராம். என்ன கேட்டார் என்று அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் கரட்டுக்குப் போனோம். ஆனிக் காற்று ஆளைத் தள்ளியது. நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். அவர் கேமராவோடு குப்புறப் படுத்தார். ஓணான் சிவந்து உச்சியில் நின்றது. அவர் ஓர் அடி ஊர்ந்ததும் தலையைத் திருப்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வடிந்து பழுப்பாகிவிட்டது. பயந்தால் அப்படித்தான்.

"நேராப் போகாதீங்க. அதுக்கு எதிர்ல போகாம, தாண்டிப் போற மாதிரி சாய்வாப் போங்க" என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

"காத்து மண்ணை அடிக்குது" என்றார்.

"அடிக்கட்டும். கண்ணை மூடிக்கங்க. அது தண்டால் எடுக்கும்போது சொல்றேன், அப்ப நகருங்க."

அப்படியே செய்தார். அது தண்டால் எடுக்கும்போதெல்லாம் நான் "ம்" என்பேன், அவர் ஒரு சாண் ஊர்வார். பட்டணத்திலிருந்து யாராவது வந்து பார்த்திருந்தால் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். முழங்கையெல்லாம் சிராய்த்து, சட்டைப் பித்தான் ஒன்று அறுந்து, கடைசியில் கிட்டே போய்விட்டார். மறுபடி சிவப்பு ஏறும்வரை காத்திருந்தார். ஷட்டர் சத்தம் கேட்டது. ஓணான் ஓடவில்லை. ரோல் முடிகிறவரை எடுத்தார். எழுந்து திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

ரோல்கள் மெட்ராஸுக்குப் போயின. ஆடி பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம் அவர் கடையை மூடிவிட்டு வெளுத்த முகத்தோடு வந்தார்.

"ஓணான் போடிக்குப் போயிருச்சு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். கடையில் ஒரு குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தபாலில் பார்சல் வந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து வியாபாரியின் ஆள் காரில் வந்து, படம் வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறான். குழந்தை அழுகிற அவசரத்தில் பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். கார் போன பிறகுதான் நினைவு வந்திருக்கிறது.

"தாலி கட்டுற படம், அடுத்தது மாலை மாத்துற படம், அடுத்தது நம்ம ஓணான். சகுனத்தடைன்னு நெனைச்சாகன்னா என்ன செய்யிறது?" என்றார்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் தாலிக்கும் மாலைக்கும் பக்கத்தில் அது தண்டால் எடுத்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் சிரிப்பு வந்தது. அவருக்குத் தெரியாமல் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோய் ஸ்டுடியோவில் இருந்தேன். வாசலில் கார் நின்றது. வியாபாரியே இறங்கி வந்தார். கனத்த உடம்பு, கதர்ச் சட்டை, ஏலக்காய் வாசனை. நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நாங்கள் அந்தப் படத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நீல வானத்துக்குக் கீழே, சாம்பல் பாறை மேலே, குங்குமச் சிவப்பில் தலையைத் தூக்கி நின்றது. பயத்தை மறந்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

"இது யாரு?" என்றார் வியாபாரி. "எங்க வீட்டு ஆளுக இல்லைங்குறாக. மாப்ள வீட்டுல கேட்டேன், அவுக ஆளும் இல்லையாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "எங்க வீட்டுக்குப் பின்னால கரட்டுல இருக்குங்க. வெயில் காயும்போது எடுத்தது. உங்ககிட்ட மிச்ச ரோலைக் கேட்டுட்டுத்தான் எடுத்தாக."

"நானா சொன்னேன்? சொல்லியிருப்பேன்." அவர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "சாயம் பூசுனதா ஆத்தா?"

"இல்லைங்க. காலையில கருப்பா வரும். சூடு ஏறுனா இப்படி ஆயிரும். பயந்துச்சுன்னா நிறம் போயிரும்."

"எம்மக ஆடிக்கு வீட்டுக்கு வந்திருக்கா. வந்ததுல இருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா. நேத்து இதைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. கல்யாணப் படத்தையெல்லாம் விட்டுட்டு இதைத்தான் வச்சுப் பாத்துக்கிட்டிருக்கா. நேர்ல பாக்கணுமாம். கூட்டிட்டு வரலாமா?"

என் கணவர் அப்போதுதான் மூச்சு விட்டார். "ஞாயித்துக்கெழமை வாங்க மொதலாளி. வெயில் வர்றதுக்கு முன்னாலயே வந்துரணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாவும் மகளும் வந்துவிட்டார்கள். பெண் மருதோன்றி அழியாத கையோடு இருந்தாள். நான் சொல்லியனுப்பியபடி மங்கலான சேலை கட்டியிருந்தாள். வியாபாரி குடையோடு வந்திருந்தார். அதை மடக்கி வைக்கச் சொன்னேன், மறுபேச்சுப் பேசாமல் மடக்கினார். எல்லோரையும் பாறையில் உட்கார வைத்தபோது, கரட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இளைஞர் ஏறி வந்தார். கம்பத்து மாப்பிள்ளை. பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். முந்தாநாள் மாப்பிள்ளை ஸ்டுடியோவுக்குப் பிரதி கேட்டு வந்தபோது, இன்ன நாள் இன்ன நேரத்துக்கு உங்க மாமனார் ஓணான் பார்க்க வருகிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லி வைத்திருக்கிறார்.

"வாங்க மாப்ள. நீங்களும் ஓணான் பாக்கத்தான் வந்தீகளா?" என்றார் வியாபாரி.

"ஆமாங்க மாமா. இந்தப் பக்கம் ஒரு சோலி. அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு" என்றார் மாப்பிள்ளை. கம்பத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, கரட்டின் பின்பக்கம் ஏறுகிற அளவுக்கு என்ன சோலி என்று யாரும் கேட்கவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை, பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

வெயில் வந்தது. ஓணான் வந்தது. கருப்பாக வந்து படுத்தது. "இதுவா அது?" என்று வியாபாரி ஏமாந்து போய்க் கேட்டார். பொறுங்கள் என்று கை காட்டினேன். ஆடி மேகம் ஒன்று குறுக்கே வந்து, வெயில் போனது. ஓணான் அசையாமல் கிடந்தது, நாங்களும் கிடந்தோம். மேகம் விலகியதும் மறுபடி காய்ந்தது. மெல்ல மெல்ல முதுகில் சிவப்பு ஊறி ஏறியது. வியாபாரியின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அது உச்சிக்குப் போய்த் தண்டால் எடுத்தது. அந்தப் பக்கத்துப் பாறையிலிருந்து பெண் ஓணான் இறங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றது. இது இன்னும் வேகமாகத் தலையை ஆட்டியது.

புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஓணானைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. வியாபாரி இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓணானுக்கு ஆடி மாசம் கெடையாது போல" என்றார் மெல்ல.

மகள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராவுத்தர் வீட்டு அக்காவின் சிரிப்புச் சத்தமும் கேட்டது. அவர்கள் எப்போது வந்து நின்றார்கள் என்று தெரியாது. ஓணான்கள் இரண்டும் ஓடிப்போயின. வியாபாரி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "மாப்ள, கார் இருக்கு. போடிக்கு வந்து சாப்பிட்டுட்டுச் சாயங்காலம் போங்க. ஊருல கேட்டா, வழியில பாத்தோம்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அந்த ஆடியில் அவர்கள் இன்னும் சில ஞாயிறு வந்தார்கள். மாப்பிள்ளைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் உத்தமபாளையத்தில் சோலி இருந்தது. வியாபாரிக்கு உண்மையாகவே பைத்தியம் பிடித்துவிட்டது. ஏலத் தோட்டத்துக்குப் போனால் அங்கே மரத்தில் கண்ட ஓணான், வழியில் கண்ட அரணை, வெயிலில் படுத்துக் கிடந்த உடும்பு என்று எல்லாவற்றையும் வந்து என்னிடம் சொல்வார். எது எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது என்பது உட்பட.

ஓணான் படத்தைப் பெரிதாக்கி ஸ்டுடியோ வாசலில் கண்ணாடிக்குள் மாட்டினோம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள், சாயம் பூசியதா என்று கேட்பார்கள். என் கணவர் கேமராவை வைத்துவிட்டு வெளியே வந்து, அது ஏன் வெயில் காய்கிறது என்று ஆதியோடந்தமாகச் சொல்வார். வீட்டிலும் பேச்சுக்குக் குறைவில்லை. சில நாள் நானே "போதும், தூங்குங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் துணி காயப்போடப் போனேன். கழுவிவிட்ட பாறையில் இளவெயில் விழுந்திருந்தது. என் சுண்டு விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு ஒன்று விரிசலிலிருந்து வந்தது. அடுத்து இன்னொன்று, அதற்கு அப்பால் ஒன்று. மண்ணுக்குள் இருந்த முட்டையிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் வெயிலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, விலாவை விரித்து, வயிற்றைப் பாறையில் ஒட்டித் தட்டையாகப் படுத்துக்கொண்டது.

நான் ஈரத்துணி வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தேன். கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பி, அவரை வரும்படி கையை ஆட்டினேன். சவர நுரை பாதி முகத்தில் இருக்க, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக வராமல் சாய்வாக நடந்து வந்தார்.